பொய்யைத் துரத்தும் வேலைக்கு யார் படியளப்பது?

சென்ற நிதியாண்டின் வரவு செலவு நோட்டை நேற்றிரவு கூட்டி முடித்தேன். நாங்கள் எட்டுப் பேர். சேலம் அம்மாப்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருப்பவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூவர், ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் மூவர். பிள்ளைகள் மட்டும் படிப்பு முடிந்ததும் மாறிக்கொண்டே இருப்பார்கள். 2018ஆம் ஆண்டு முதல், கைப்பேசி வழியே பரவும் பொய்ச்செய்திகளைப் பற்றிப் பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் சேர்வராயன் மலைக்கிராமங்களிலும் பேசி வருகிறோம். சென்ற ஆண்டுச் செலவு 71,340 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பேருந்துக் கட்டணமும் ஜீப் வாடகையும். வரவுப் பக்கத்தில் உறுப்பினர் சந்தா, நண்பர்கள் இருவரின் நன்கொடை, என் ஓய்வூதியத்திலிருந்து நான் போட்ட தொகை ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன. பொதுப்பணம் என்று சொல்லத்தக்கது ஒரு ரூபாய்கூட இல்லை.

இந்த வேலைக்குப் பொதுப்பணம் வர வேண்டும் என்றும், அது ஆட்சியில் இருப்பவர்களின் கை திறந்து மூடும் குழாயாக இல்லாமல், சட்டத்தின் வழியே வர வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்தியை நம்பியிருந்த மக்கள் அவர்களைச் சூழ்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே செய்தி எங்கள் தெருக் கைப்பேசிகளிலும் இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் காலை, போர்வை விற்க வந்த வடநாட்டு இளைஞன் ஒருவனைப் பால்கடை வாசலில் நிறுத்தி, மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னார்கள். போர்வைகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அன்று அங்கே பால் வாங்க நின்றிருந்த நூலகர் அந்தப் பையனைத் தன் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்து, கூட்டம் கலையும்வரை கூடவே இருந்தார். எங்கள் குழு அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே வகைப் புரளிக்குப் பலியான பின்னர்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது.

எங்கள் ஊருக்கே உரிய பொய் ஒன்றும் உண்டு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு மாவு திறந்த குழிகளில் நாள்கணக்கில் அழுகிக் கிடக்கிறது, அதில் புழுக்கள் நெளிகின்றன, புழுவோடு சேர்த்தே தொழிலாளர்கள் அதை மிதிக்கிறார்கள், ஆகவே ஜவ்வரிசி சைவமே இல்லை என்று ஒரு செய்தி, முதலில் மின்னஞ்சலாகவும் பின்னர் வாட்ஸ்அப் பதிவாகவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பல்லாண்டுகளாகச் சுற்றுகிறது. விரத நாள்களில் ஜவ்வரிசி உண்ணும் வடமாநிலங்களில் நவராத்திரி நெருங்கும்போது அது மீண்டும் உயிர்பெறும். ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிடும் உழவர் முதல் களத்தில் ஜவ்வரிசி காயவைக்கும் பெண்கள் வரை இந்தத் தொழிலை நம்பியே ஆத்தூர் வரையிலான பல ஊர்கள் வாழ்கின்றன. ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981 முதல் இங்கே இயங்குகிறது. ஆகவே, இந்தப் பொய்யால் விலை சரிந்தால் அடி விழுவது எங்கள் மக்களின் வயிற்றில்தான்.

நாங்கள் ஓர் ஆலைக்குச் சென்று நாள் முழுவதும் இருந்து பார்த்தோம். கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைக்கிறார்கள். பாலைச் சலித்துத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். அடியில் படியும் ஈரமாவை எடுத்து உருட்டி மணியாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். பால் தொட்டியில் நிற்பது சில மணி நேரம்தான். அதற்கு மேல் நின்றால் மாவு புளித்து நிறம் மங்கி விலை போகாது. நாள்கணக்கில் அழுக விடுகிறார்கள் என்ற கூற்று, தொழிலின் அடிப்படையே தெரியாத ஒருவர் எழுதியது என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கிவிடும். ஆனால் ஆலைக் கழிவுநீர் நாறும் என்பது உண்மை. வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த ஆலைகள்மீது உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்திருப்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளின் தோளில் ஏறிக்கொண்டுதான் அந்தப் பொய் இத்தனை ஆண்டு நடந்து வந்திருக்கிறது. எங்கள் விளக்கத் தாளில் மூன்றையும் எழுதினோம். அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த ஆலை உரிமையாளர் ஒருவர், பத்தாயிரம் படி அச்சடிக்கும் செலவைத் தாமே ஏற்பதாகவும், கழிவுநீரையும் ரசாயனத்தையும் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டார். அவர் நல்லவர், எங்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தவர். மறுத்துவிட்டு, எங்கள் செலவில் ஐந்நூறு படி மட்டும் அடித்தோம். யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது எந்தப் பத்தி நிற்கும், எந்தப் பத்தி போகும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இனி மலைக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். தடுப்பூசிக்கும் அவர் மறைவுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவ வல்லுநர் குழு பின்னர் தெரிவித்தது. ஆனால் அந்தப் பின்னர் வருவதற்குள் வதந்தி ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்களில் பலவற்றில் அலைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. சந்தைக்கோ ரேஷனுக்கோ ஏற்காடு வரும்போது கைப்பேசி ஒரேயடியாகப் பத்து ஒலிப்பதிவுகளை வாங்கி வைத்துக்கொள்ளும். ஊருக்குத் திரும்பிய பிறகு அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மறுப்புச் செய்தியோ அடுத்த சந்தை நாள்வரை வந்து சேராது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பாட்டி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் கைப்பேசியை நிறுத்தி வைத்திருந்தார்கள். டம்ளருக்குள் வைத்தால் சத்தம் கூடும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த உத்தி. தன்னைச் செவிலியர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண் குரல், ஊசி போட்டவர்கள் இரண்டு ஆண்டுக்குள் இறந்துபோவார்கள் என்று அழுதுகொண்டே சொல்லிற்று. மூன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முழுவதும் ஓடி முடியும்வரை நானும் கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த அறிவியலை எல்லாம் சொன்னேன். இருபத்தாறு ஆண்டு வகுப்பறையில் நின்ற பழக்கம். பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்க சாயங்காலம் இறங்கிப் போயிருவீங்க. இந்தப் பொண்ணு ராத்திரியும் பேசுது."

அந்தச் சொல்லுக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று முறை போனோம். இரண்டாம் முறை மருந்தாளுநர் வந்தார். மூன்றாம் முறை, ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரை ஜீப்பில் அழைத்துச் சென்றோம். நான்காம் முறை, அந்த ஊர்ப் பிரசவங்கள் பலவற்றுக்கு உடனிருந்த கிராம சுகாதாரச் செவிலியரோடு போய், இரவு அங்கேயே தங்கினோம். அன்றிரவு அந்த ஒலிப்பதிவை அவர் முன்னிலையில் மறுபடி போட்டார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பெண் எந்த மருத்துவமனையின் பெயரையும் சொல்லவில்லை, எந்த ஊசி என்றும் சொல்லவில்லை, எந்தத் தேதியும் சொல்லவில்லை என்று பொறுமையாகக் காட்டினார். அடுத்த முகாமுக்குப் பாட்டி தன் மருமகளோடு வந்தார். அந்த ஊரில் கடைசிவரை வராதவர்களும் இருந்தார்கள். நான்கு பயணங்களுக்குமான ஜீப் வாடகை மட்டும் 5,600 ரூபாய். அதில் நான்காவது பயணம் இல்லாவிட்டால் முதல் மூன்றும் வீண் என்றுதான் சொல்வேன்.

இப்போது, நிதி கொடுப்பவர் ஒருவரிடம் இதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? இரண்டாண்டுக்கு முன், டிஜிட்டல் விழிப்புணர்வுக்கு நிதி தருவதாக அறிவித்திருந்த ஓர் அமைப்புக்கு விண்ணப்பித்தோம். மாதம் எத்தனை பதிவுகளைப் பொய் என்று நிறுவினீர்கள், எத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்தீர்கள் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒரு பாட்டி, ஒரு மருமகள், நான்கு பயணம், ஓர் இரவு என்று எழுத அதில் இடமில்லை. எங்கள் வேலையின் நல்ல விளைவு எப்போதும் நடக்காமல் போன ஒன்றாகவே இருக்கிறது. அடிபடாத இளைஞன், பள்ளியில் ஊசியைத் தவறவிடாத குழந்தை, வேலையை விட்டு ஓடாத தொழிலாளி. நடக்காததை எண்ணிக் காட்டுவது கடினம். நடந்ததை எண்ணுவதோ எளிது, அதற்கான செலவைப் பொதுப்பணம் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் தயங்கினர். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் புறப்பட்டவர்களின் கூட்டத்தையே தப்பியோடும் கூட்டமாகக் காட்டினார்கள். பீகார் அரசின் குழு ஒன்று இங்கே வந்து நேரில் விசாரித்துச் சென்றது. காவல்துறைத் தலைவர் காணொளியில் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தீயணைக்கும் செலவைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். கூரை வேயும்போதே கவனமாக இருக்கச் சொல்பவருக்குக் கொடுக்கத்தான் நம் அரசின் செலவுப் பட்டியலில் கணக்குத் தலைப்பு இல்லை.

கணக்குத் தலைப்பு என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது ஓர் அரசு அலுவலகத்தில். கருத்துருவை முழுவதும் படித்த அதிகாரி, "நல்ல வேலைதாங்கம்மா, ஆனா இதை எந்தத் தலைப்புல போடறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றாலும், அது நிலைத்த சொத்துகளை உருவாக்குவதற்கானது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும், ஆனால் அதுவும் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே. பேருந்து நிழற்குடை கட்டலாம். அந்த நிழற்குடையில் நின்று மக்களிடம் பேசுபவருக்குப் பேருந்துக் கட்டணம் தர முடியாது. வேறோர் இடத்தில் சிறு தொகை தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எங்கள் தாள்கள் எல்லாவற்றையும் வெளியிடும் முன் அலுவலகத்தின் பார்வைக்கு வைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆலை உரிமையாளரின் மோரும் அந்த நிபந்தனையும் எனக்கு ஒன்றாகவே தோன்றின.

அரசே உண்மை சரிபார்க்கும் வேலையைச் செய்யட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் 2019 முதல் அப்படி ஒரு பிரிவை நடத்துகிறது. அரசாணை போலியா, நலத்திட்ட விண்ணப்ப இணைப்பு போலியா என்று சொல்ல அரசைவிடப் பொருத்தமானவர் இல்லை. நாங்களும் அங்கேதான் பார்க்கிறோம். ஆனால் அரசைப் பற்றிய செய்தியில் அரசே நீதிபதியாக அமர்வது வேறு. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன் பிரிவே முடிவுசெய்ய வகைசெய்து ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தை, மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் நூலகர் நீண்ட நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மற்ற வாசல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு நிதி பெற வேண்டுமானால், அதற்கான சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். எங்கள் வேகத்தில் அதற்கு இருபது ஆண்டாகும். ஒரு பெரிய அமைப்பு வாங்கி எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குப் பகிர்ந்து தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளைப் பட்டியலிடும் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வி இருக்கிறது, அதற்குள் எங்களை நுழைத்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்கும் சங்கடம் தராத கல்வியைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். சமூக ஊடக நிறுவனங்களின் பணம் பெரிய சரிபார்ப்பு நிறுவனங்களுக்குப் போகிறது, மலைக்கிராமத்துக்கு வருவதில்லை. அதுவும் நிலையானதில்லை: வெளியார் வழி உண்மை சரிபார்ப்பை அமெரிக்காவில் கைவிடுவதாக மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரு காணொளியில் அறிவித்துவிட்டது.

பொதுப்பணம் என்றாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பொய்ச்செய்தி பற்றிய ஆய்வுகளுக்குத் தானே வழங்கிய மானியங்களை 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. ஆட்சி மாறியது, குழாய் மூடியது. ஜெர்மனியில் 2015 முதல் மக்களாட்சியை வளர்க்கும் குடிமக்கள் அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு நிதி தரும் திட்டம் இருக்கிறது. ஆயினும் அது திட்டமாக மட்டுமே இருப்பதால், நிதியைச் சட்டத்தால் உறுதிப்படுத்த வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். 2022 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்தச் சட்ட முன்வடிவு நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் தன் பணத்தில் பல்கலைக்கழகங்களையும் உண்மை சரிபார்ப்போரையும் ஒருங்கிணைத்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பை நடத்துகிறது. இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க, யார் கொடுக்கிறார்கள் என்பதைவிட எந்த வழியாகக் கொடுக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று எனக்குப் பட்டது. அப்படி ஒரு வழி நம்மிடமே 1948 முதல் இருக்கிறது என்பதை நினைவூட்டியவர் எங்கள் நூலகர்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் இடைவிடாத முயற்சியாலும், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருப்பவரும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும், நானும் அதைக் கட்டுகிறோம். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். வசூலித்ததை உள்ளாட்சிகள் நிலுவை வைத்துக்கொள்கின்றன என்ற குறை நெடுநாளாக உண்டு; ஆணைக்குழுவிலும் அரசின் கை இருக்கிறது. இருந்தாலும், யார் முதலமைச்சராக இருந்தாலும், எந்தப் புத்தகம் யாரைக் கோபப்படுத்தினாலும், இந்த வரி நிற்காமல் வசூலாகி வந்திருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக ஒரு பொதுப்பணிக்கு இப்படிச் சட்டத்தின் வழியே பணம் வருவது சிறிய விஷயமா?

நூலகத்தின் வேலை புத்தகம் அடுக்குவதோடு முடிவதில்லை. கையில் இருக்கும் தகவல் எங்கிருந்து வந்தது, அதை எப்படிச் சோதிப்பது என்று கேட்பவருக்கு வழிகாட்டுவது நூலகரின் பழைய கடமை. மின்னஞ்சலில் வந்தாலும் டம்ளருக்குள்ளிருந்து பேசினாலும் தகவல் தகவல்தான். எனவே, நூலக வரியில் ஒரு சிறு பங்கை, தகவலைச் சோதிக்கக் கற்றுத்தரும் உள்ளூர்க் குழுக்களுக்கு ஒதுக்குவதைச் சட்டத்திலேயே எழுதலாம். குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நூலகர்களும் ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். மானியம் ஒரு முறை கிடைத்தால் மூன்றாண்டுக்கு உறுதியாக இருக்க வேண்டும்; ஏனென்றால் ஓர் ஊரின் நம்பிக்கையைப் பெறவே ஓராண்டு போய்விடுகிறது. பயணத்துக்கும் ஊதியத்துக்கும் வெட்கப்படாமல் பணம் தர வேண்டும். கணக்கை நூலக வாசல் பலகையில் ஒட்டச் சொல்லட்டும், தணிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இருக்கட்டும். எழுதுவதை முன்கூட்டித் திருத்தும் உரிமை மட்டும் யாருக்கும் வேண்டாம். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் எழுந்த நூலகக் கட்டடங்களில் பூட்டிக் கிடப்பவை உண்டு. அவற்றைத் திறந்து சனிக்கிழமை மாலைகளில் உட்கார இடம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என் தோழி ஒருவர், கல்லூரிப் பேராசிரியர், இதைப் படித்துவிட்டுக் கேட்டார்: உங்களுக்குப் பொதுப்பணம் கொடுத்து, நீங்கள் சொல்வதே தவறாக இருந்தால்? நியாயமான கேள்வி, எங்களுக்கு அது நேர்ந்தும் இருக்கிறது. ஒரு மலைக்கிராமத்துக்குப் போகும் மாலைப் பேருந்து நிற்கப் போகிறது என்று ஒரு செய்தி வந்தது. நான் ஒரே ஒருவரிடம் கேட்டுவிட்டு, பொய் என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை பேருந்து வரவில்லை. பள்ளி முடிந்து ஏற்காட்டில் நின்ற பிள்ளைகள் இருட்டிய பிறகு நடந்து ஊர் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் என் வார்த்தையை நம்பியதால் விடுதியில் தங்காமல் புறப்பட்டவர்கள். மறுநாளே போய் அந்த ஊர்க் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல், இரண்டு தனித்தனி வழிகளில் உறுதியாகாத எதையும் பொய் என்றோ மெய் என்றோ நாங்கள் சொல்வதில்லை. செய்த பிழைகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், அதில் இப்போது பதினொரு பதிவுகள் உள்ளன. தோழிக்கு அந்த நோட்டைத்தான் காட்டினேன். பொதுப்பணம் எங்கள் தீர்ப்புக்குத் தரப்பட வேண்டாம். சோதிக்கும் முறையைக் கற்றுத்தரும் உழைப்புக்கும், பிழையைத் திறந்து காட்டும் ஒழுங்குக்கும் தரப்படட்டும். பிழை நோட்டு வைக்காத குழுவுக்கு மானியமே கூடாது என்பது என் கருத்து.

சட்டத் திருத்தம் எங்கள் கையில் இல்லை. விண்ணப்பம் எழுதுவது கையில் இருக்கிறது. சென்ற கிராம சபையில் மலைக்கிராமம் ஒன்றின் பெண்கள், பூட்டிய நூலகத்தைத் திறந்து எங்களுக்கு மாதம் இரண்டு மாலை தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்தத் தீர்மானத்தின் படியை இணைத்து, மாவட்ட நூலக நிர்வாகத்துக்கும் ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் இரண்டு கருத்துருக்கள் தயாரித்திருக்கிறோம். கேட்டிருப்பது ஆண்டுக்கு 1,80,000 ரூபாய், மூன்றாண்டுக்கு. பகுதிநேரமாக ஊர்களுக்குச் செல்லும் இருவருக்கு மாதம் ஐயாயிரம் வீதம் 1,20,000, பயணத்துக்கு 48,000, அச்சுக்கும் ஒலிபெருக்கிக்கும் 12,000.

சாமை புடைத்த அந்தப் பாட்டியின் பேரன் இப்போது ஏற்காட்டில் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறார். நாங்கள் விண்ணப்பிப்பதைக் கேள்விப்பட்டு, பாதி வாடகைக்கு வருவதாகத் தானாகவே சொன்னார். கருத்துருவில் முழு வாடகையையே எழுதியிருக்கிறோம். டீசல் அவருக்கும் அதே விலைதான்.